ஆறு மாதக் கையிருப்பு

வாடகைக்கு விட இன்னொரு பொந்து வாங்கிப்போட வேண்டும் என்று அணிலுக்கு ஆசை. கடலை கடன் கேட்டுப் பெருச்சாளியிடம் போனது.

"தாராளமா தர்றேன். நீ குடியிருக்கிற பொந்தை ஈடா எழுதிக் கொடு. கூடவே, ஆறு மாசத் தவணைக்கான கடலையைக் கையிருப்பா காட்டணும். புதுப் பொந்துக்குக் குடிவர ஆள் கிடைக்கலேன்னா எதை வச்சுத் தவணை கட்டுவே?" என்றது பெருச்சாளி.

'அவ்வளவு இருந்தா உன்கிட்ட ஏன்யா வர்றேன்?' என்று வாய்வரை வந்ததை அணில் விழுங்கிக்கொண்டது. நேரே காக்கையிடம் ஓடி, ஒருநாள் வாடகைக்கு ஒரு மூட்டைக் கடலை வாங்கி வந்து பொந்தில் வைத்தது.

மறுநாள் பெருச்சாளி வந்து மூட்டையை முகர்ந்து பார்த்தது; தட்டிப் பார்த்தது. "பேஷ்! கடன் கொடுத்தாச்சு" என்று பத்திரத்தை நீட்டியது. நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று உள்ளுக்குள் சிரித்தபடியே அணில் கையெழுத்துப் போட்டது.

பத்திரத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வாசல்வரை போன பெருச்சாளி திரும்பிப் பார்த்தது.

"என் மூட்டையைச் சாயங்காலத்துக்குள்ள காக்காகிட்ட சேர்த்துடுப்பா. நாளைக்கு முயல் வீட்டுல நான் அதைச் சோதிச்சாகணும்."