பாட்டு நிற்கக்கூடாது

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். பாலவனத்தத்தில் ஒரு பாட்டால் வந்த சண்டையைச் சொல்கிறேன்.

கமிஷன் கடை தனுஷ்கோடியின் குரல், தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்கியது போலிருக்கும். மார்கழி பிறந்ததிலிருந்து அவர் குளிக்கப் போனால், மனைவி சண்முகவடிவு கதவுக்கு வெளியே நின்று, "பாடுங்க, நிப்பாட்டாதீங்க!" என்று அதட்டுவாள்.

அன்று பக்கத்து வீட்டு நவநீதகிருஷ்ணன் பொறுக்க முடியாமல் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"ஏந் தங்கச்சி, காலங்காத்தால இந்தக் கொடுமை தேவையா? எங்க மாடு பால் சுரக்க மாட்டேங்குது!"

"எனக்கு மட்டும் தேனாவா இருக்கு? தலையில அடிச்சுக்கிட்டுத்தாண்ணே கேக்குறேன்."

"பெறகு எதுக்குப் பாடச் சொல்ற?"

அதற்குள் பாட்டு பாதியில் நின்றது.

"அப்பாடா!" என்றார் நவநீதகிருஷ்ணன்.

சண்முகவடிவு பதறிப்போய், கதவோரம் தயாராய் வைத்திருந்த கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்தாள். உள்ளே தனுஷ்கோடி சுவரோரம் சரிந்து கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோவில்தான் கண் திறந்தார்.

"வெந்நீர் போடுற கேஸ் கீசரை வெளிச்சுவத்துல மாட்டச் சொன்னேன், கேக்காம குளிக்கிற ரூமுக்குள்ளயே மாட்டிட்டாக," என்று நவநீதகிருஷ்ணனிடம் பொருமினாள் அவள். "குளிருதுன்னு ஜன்னலையும் அட்டை வச்சு அடைச்சுட்டாக. எரிஞ்ச கேஸ் வெளிய போகலைன்னா வாடையே இல்லாம ஆளைச் சாய்ச்சுருமாம். பாட்டு கேட்டாத்தானேண்ணே உசுரோட இருக்காகன்னு தெரியும்!"

வீடு திரும்பியதும் கீசர் வெளிச்சுவருக்குப் போனது. அட்டையைக் கிழித்து எறிந்தவர் நவநீதகிருஷ்ணன். இப்போது தனுஷ்கோடி சத்தமில்லாமல் குளிக்கிறார்.

"எதுக்கும் ரெண்டு வரி பாடிருங்க மாப்ளே!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நவநீதகிருஷ்ணனின் குரல் வருகிறது.

உங்கள் வீட்டு ஜன்னலெல்லாம் திறந்திருக்கட்டும். குளிக்கப் போனவர்கள் சிரித்த முகமாய் வெளியே வரட்டும்.