ஹெல்மெட் பட்டை

"போட்டிக்கு நம்ம ஹாக்கி டீமோட கோல்கீப்பர் உங்க பெரிய பொண்ணுதாங்க!"

கோச் வீடு தேடி வந்து சொன்னதும், இரவு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவள் மட்டும் தலையைத் தொங்கப்போட்டாள்.

"முன்னாடியெல்லாம் சரியான சோம்பேறிங்க. ஒரு கோல் விழுந்தா போதும், மூஞ்சியைத் தூக்கி வச்சிக்குவா. இப்ப? விடியக்காலையில நான் போறதுக்குள்ள பேடு, ஹெல்மெட்டெல்லாம் மாட்டிக்கிட்டு ரெடியா நிக்கிறா. கோல் விழுந்தா, கம்பத்துல மட்டையால ஒரு தட்டு தட்டிட்டு அடுத்த பந்துக்குக் குனிஞ்சிடறா. பிராக்டீஸ் முடிஞ்சாலும் ஹெல்மெட்டைக் கழட்ட மனசு வராம அப்படியே வீட்டுக்கு ஓடறா. என்ன வெறிங்க அது!"

"சார்... அது வந்து..." என்று இழுத்தாள் பெரியவள்.

"அடக்கத்தைப் பாருங்க!" என்று சிரித்த கோச், முழங்கையைத் தேய்த்துவிட்டபடி கதவோரம் நின்ற சின்னவளிடம் திரும்பினார். "நீயும் கோல்கீப்பர் ஆகணும்னு கேட்டியே, உங்க அக்காவைப் பார்த்துக் கத்துக்கம்மா."

"சரிங்க சார்."

கோச்சும் அம்மாவும் கிளம்பிப் போனார்கள். தங்கையின் முகத்தைப் பார்க்கக் கூசி, பெரியவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் உள்ளே போய் ஹெல்மெட்டை எடுத்து வந்து அக்காவின் மடியில் வைத்தாள்.

"பட்டையைத் தளர்த்திக்கோக்கா. நீ எழுந்திருக்கலைன்னு தினமும் நான்தானே போட்டுட்டுப் போனேன்... என் தலைக்கு இறுக்கி வச்சிருக்கேன்."