மண் இளகிய இடம்

"சொல்லிட்டா யாரும் அங்க தோண்ட மாட்டாங்க. அதனாலதான் சொல்லல" என்றாள்.

"அப்ப கையத் தூக்கிடு."

"அதுவும் முடியல."

அவன் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தான். இடைவேளை முடியப்போகிறது. மூங்கில் கூடத்துக்குள் பாய்களை மறுபடி வட்டமாக விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாப் பக்கமும் குத்திப் பாத்தாச்சு. பூராவும் பாறை. கடப்பாரை இறங்குறது அங்க மட்டும்தான்."

"தெரியும். அன்னைக்கும் இதேதான் சொன்ன."

அவன் சரிவின் அடியைப் பார்த்தான்.

அன்றைக்கு இந்த மலையடிவாரத்தில் ஒரு கூடாரமும் அவர்கள் இருவரும்தான்.

பிறகு மூவர்.

பிறகு மறுபடி இருவர்.

குழந்தைக்குப் பெயர் வைத்திருக்கவில்லை. அவன் காலையிலிருந்து கடப்பாரையோடு அலைந்தான். குத்திய இடமெல்லாம் பாறை சத்தம் போட்டது. சரிவின் அடியில், மழைத்தண்ணீர் ஓடி வந்து சேரும் இடத்தில், மண் இளகிக் கொடுத்தது.

கல் நடவில்லை. மரமும் நடவில்லை. இங்கே இறப்பவர்களுக்கு அடையாளம் வைப்பதில்லை, மண் யாருக்கும் சொந்தமில்லை என்று அதற்கு முன்பே முடிவு செய்திருந்தார்கள். அந்த வரியைச் சொன்னவள் அவள்தான்.

அப்போது இறப்பதற்கு யாரும் இல்லை.

பின்னால் ஆட்கள் வந்தார்கள். மண் வீடுகள் எழுந்தன. வேலையை விட்டவர்கள், ஊரை விட்டவர்கள், எதை விடுவது என்று தெரியாமல் வந்தவர்கள். யாருக்கும் அந்தக் குழந்தையைப் பற்றித் தெரியாது.

சாயங்காலங்களில் அவள் சரிவின் அடியில் போய் உட்கார்ந்திருப்பாள். பறவை பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு பிறந்தநாளுக்கு எல்லாருமாகச் சேர்ந்து பைனாகுலர் வாங்கிக் கொடுத்தார்கள்.

அவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

கூடத்துச் சுவரில் ஓர் உலக வரைபடம். இவர்களைப் போல் வாழும் ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு ஊசி. முதலில் ஐரோப்பாவில் மட்டும் நெருக்கமாக இருந்தன. பிறகு பிரேசில். செனகல். இலங்கை. புது ஊசி குத்தும்போதெல்லாம் எல்லாரும் கைதட்டுவார்கள். அவளும் தட்டுவாள்.

தனியாக இருக்கும்போது அதன் முன் நிற்பாள்.

ஒவ்வொரு ஊசிக்கும் அடியில் இப்படி ஓர் இடம் இருக்குமோ. ஏதோ ஒரு மொழியில், யாரோ ஒருத்தி, அதை யாரிடமும் சொல்லாமல் இருப்பாளோ.

போன கோடையில் கிணறு வற்றியது. மூன்று குடும்பங்கள் அழுதுகொண்டே போய்விட்டன. இந்த மழைக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்காவிட்டால் மற்றவர்களும் போக வேண்டியதுதான். பிடித்து வைக்கப் பெரிய தொட்டி வேண்டும். தொட்டிக்குப் பள்ளம் வேண்டும்.

தண்ணீர் ஓடி வந்து சேரும் இடத்தில். மண் இளகிய இடத்தில்.

காலையில் எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவள் கை மட்டும் மடியிலேயே இருந்தது. ஒரு கை உயராவிட்டாலும் இங்கே வேலை நடக்காது. கை தூக்காதவரிடம் ஏன் என்று கேட்பதும் இல்லை.

அதனால் யாரும் கேட்கவில்லை. சுக்குக் காப்பி குடிக்கப் போனார்கள்.

இப்போது திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். வட்டத்தை நடத்தும் கிளாடிஸ் தொண்டையைச் செருமினாள். அதற்குள் ஏகாம்பரம் முந்திக்கொண்டார்.

"ஜேசிபிக்காரத் தம்பி வண்டிக்கு அடியிலயே படுத்துத் தூங்கிட்டான்மா. ஆமாவா இல்லையான்னு சொன்னா எழுப்பலாம்."

"இயற்கையோட வாழறோம்னு போர்டு போட்டுட்டு ஜேசிபி கூப்பிட்டிருக்கோம்" என்று யாரோ சொன்னார்கள்.

"நீ வேணா கரண்டி எடுத்துட்டு வா."

சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"இன்னொரு தடவ கேக்கறேன்" என்றாள் கிளாடிஸ். "தொட்டி அங்கயே தோண்டலாமா?"

கைகள் எழுந்தன.

எதிரே பூங்கொடி. ஒரு கையைத் தூக்கியிருந்தாள். மறு கை மடியில் தூங்கும் குழந்தையின் தலைக்கு அணையாக இருந்தது. போன கோடையில் வயிற்றில் இந்தக் குழந்தையோடு சாலை வரை நடந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தவள்.

அவன் கையும் எழுந்தது. பாதியில் தயங்கி, பிறகு எழுந்தது.

எல்லாரும் வேறெங்கோ பார்த்தார்கள். அவளுக்காக.

குழந்தை தூக்கத்தில் வாயைச் சப்பியது.

அவள் கையைத் தூக்கினாள்.

கூடம் மூச்சு விட்டது. யாரோ அவள் தோளைத் தொட்டார்கள். ஏகாம்பரம் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

அவள் கை இறங்கவில்லை.

"அக்கா, ஏதாவது சொல்லணுமா?" என்றாள் கிளாடிஸ்.

அவள் கிளாடிஸைப் பார்க்கவில்லை. வட்டத்தைத் தாண்டி அவனைப் பார்த்தாள்.

"அங்க மிஷின் வேணாம்" என்றாள். "நீ தோண்டறியா?"