வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

பந்து இல்லாமலே யாமிகானி மூன்றாவது கோலையும் அடித்தான்.

இரண்டு கைகளையும் இறக்கைபோல் விரித்துக்கொண்டு மூடுபனிக்குள் ஓடினான். மைதானத்தின் உள்ளே கோல்கீப்பர் ஸ்டப்ஸ் தலையில் கைவைத்து, வராத பந்தை வலைக்குள் குனிந்து தேடினான்.

ஆற்று முகத்துவாரத்திலிருந்து வந்த பனி பயிற்சி மைதானத்தைப் பாதி விழுங்கியிருந்தது. ஆட்டக்காரர்கள் இடுப்புக்கு மேல் மட்டுமே இருந்தார்கள். கடற்பறவைகளின் கத்தல் இருந்தது, பறவைகள் இல்லை.

மைதானத்தின் பக்கக் கோட்டுக்கு வெளியே இன்னொரு வெள்ளைக் கோடு. புல் வெட்டுபவர் அவனுக்காகவே போட்டது.

அதை அவன் தாண்டக்கூடாது. பந்தையும் தொடக்கூடாது. மலாவியிலிருந்து அவன் வந்திருப்பது பார்வையாளர் விசாவில். வேலை பர்மிட் வருவதற்கு முன் ஒரு உதை உதைத்தாலும் அது வேலை செய்த கணக்காகிவிடும், எல்லாம் கெட்டுவிடும் என்று அவனைச் சேர்த்துக்கொள்ளவிருந்த கால்பந்து கிளப்பின் வக்கீல் எச்சரித்திருந்தார்.

பந்தே இல்லாமல் ஓடினால் என்ன ஆகும் என்று, கிளப்பில் அவனைக் கவனித்துக்கொள்ளும் பெவ் கேட்டாளாம். வக்கீல் வெகுநேரம் யோசித்துவிட்டு, கனவு காண்பதற்கு இதுவரை யாரும் பர்மிட் கேட்டதில்லை என்றாராம்.

அதனால் அவன் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆடினான். அவர்கள் முன்னேறினால் இவனும் முன்னேறினான். அவர்கள் ஃப்ரீ கிக்குக்குச் சுவர்போல் வரிசை கட்டினால், இவன் தன் முன்னால் இல்லாத சுவருக்கு மேலே எம்பிப் பார்த்தான்.

முதலில் சிரித்தார்கள். பிறகு எப்போது என்று தெரியாமல், வலது ஓரத்தில் அவனுக்கு இடம் விட்டு ஆடத் தொடங்கினார்கள். அந்த இடம் காலியாகவே அவர்களோடு ஓடியது.

"டேய் டூரிஸ்ட்," ஸ்டப்ஸ் கத்தினான். "ஓசியில வேடிக்கை பாத்தது போதும். ஒரு போட்டோ எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

நாட்டு அணிக்காக அவன் ஆடிய ஆட்டங்கள் குறைவு. முழங்கால் அறுவை ஒரு வருடத்தைத் தின்றுவிட்டது. பர்மிட்டுக்கு வேண்டிய புள்ளிகள் அதனால் சேரவில்லை. ஒரு குழு கூடி, இவனுக்கு விலக்குத் தரலாமா என்று சொல்ல வேண்டும்.

குழு கூடுவது இன்று காலை.

தந்தால் சனிக்கிழமை ஆட்டம். இல்லாவிட்டால் சொந்த ஊரான ப்ளான்டயருக்கு விமானம். இருபத்தெட்டு வயதில், தைத்த முழங்காலோடு திரும்புகிறவனை இன்னொரு நாடு கூப்பிடாது. அது அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இன்று நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தான்.

அவனுடைய பூட்ஸ் பெவ்வின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

வெளிநாட்டிலிருந்து வருகிற ஆட்டக்காரர்களுக்கு வீடு பிடிப்பது, வங்கிக்கு அழைத்துப்போவது, தடித்த சாக்ஸ் எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்வது எல்லாமே பெவ்தான். அவன் வந்த அன்றே பூட்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அது காலில் இருந்தால் கால் சும்மா இருக்காது என்றாள்.

"பர்மிட் வந்த நிமிஷமே கைக்கு ஒண்ணா தூக்கிக்கிட்டு நானே ஓடி வரேன் கண்ணு. இந்தக் கெழவி ஓடுறத ஊரே பாக்கட்டும்."

ஆகவே தினமும் பத்து மணிக்கு அவள் வரும்போது அவன் அவளுடைய முகத்தைப் பார்ப்பதில்லை, கைகளைத்தான் பார்ப்பான். ஒரு கையில் அவனுக்கான தேநீர், நான்கு கரண்டி சர்க்கரையோடு. மற்றக் கை ஜாக்கெட் பைக்குள்.

இன்று பத்து மணி ஆகிவிட்டதா என்று அந்தப் பனியில் தெரியவில்லை.

அப்போது பனியைத் திறந்துகொண்டு ஒரு பந்து வந்தது. நிஜப் பந்து. ஈரப் புல்லில் மெதுவாக உருண்டு, முதல் கோட்டைத் தாண்டி, அவனுடைய கோட்டையும் தாண்டி, கான்வாஸ் ஷூவில் மோதி நின்றது.

இதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பந்து வெளியே வந்தால் அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கல்போல் நிற்பான். யாராவது ஓடிவந்து எடுத்துக்கொண்டு, அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள்.

அவன் கைகளைக் கட்டிக்கொண்டான்.

"அடி, கண்ணு."

பெவ்வின் குரல். அவனுக்குப் பின்னால், மிக அருகில்.

பந்தை எடுக்க ஓடிவந்தவன் பாதியில் நின்றான். ஒருவர் பின் ஒருவராக மைதானமே நின்றது.

யாமிகானி திரும்பவில்லை. திரும்பினால் கலைந்துவிடும்போல் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணா?"

"எத்தன வேணும்னாலும் அடிச்சுக்கோ."

அவன் சில அடிகள் பின்னால் போனான். இத்தனை நாளும் காற்றை உதைத்த அதே கால், அதே சாய்வு. பாதத்தில் பந்தின் கனம் பட்டபோது அவனுக்கே வியப்பாக இருந்தது. பந்துக்கு இவ்வளவு கனம் உண்டு என்பதை மறந்திருந்தான்.

பந்து எழுந்து, வளைந்து, பனிக்குள் போனது. சிறிது நேரம் அது எங்குமே இல்லை. ப்ளான்டயரின் செம்மண்ணுக்கு மேலே போய்க்கொண்டிருக்கலாம். சனிக்கிழமைக்குள் நுழைந்திருக்கலாம்.

பிறகு வலை அதிர்ந்தது.

ஸ்டப்ஸ் நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை. தலைக்கு மேலே கைகளைத் தூக்கிக் கைதட்டினான். "யாமிகானி," என்று கத்தினான். அந்தப் பெயரை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. எல்லோரும் கோட்டை நோக்கி ஓடிவரத் தொடங்கினார்கள்.

முகமெல்லாம் சிரிப்பாக, பூட்ஸை வாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டியபடி அவன் திரும்பினான்.

பெவ் நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு கையிலும் ஒரு தேநீர்க் கோப்பை. பூட்ஸ் இல்லை.

இன்று அவனோடு உட்கார்ந்து குடிக்க, தனக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தாள்.