மூக்கர் போடாத கையெழுத்து

"கையெழுத்துப் போட முடியுமா, முடியாதா?"

மேனேஜர் கத்திய கத்தலில் தீவன ஆலையே திரும்பிப் பார்த்தது.

"லேப்ல பார்க்காம முடியாது சார்," என்றார் மூக்கர்.

கலவை சரியா என்று பார்த்து அனுப்புவது அவர் வேலை. கோழிக்குஞ்சுத் தீவனத்தில் மெத்தியோனைன் பொடி சேர்ந்திருக்கிறதா என்று ஒரு பிடி அள்ளி மோந்தே சொல்லிவிடுவார். அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வாடை அதற்கு. இருபது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்பதால், லேபுக்கு அனுப்பும் பழக்கமே விட்டுப்போயிற்று.

"வெளியே மூணு லாரி நிக்குது. எப்பவும் மோந்துதானே கையெழுத்துப் போடுவீங்க? இன்னிக்கு என்ன புதுசா?"

"பிறந்த குஞ்சுக்கு முதல் பத்து நாள் சாப்பாடுதான் சார் எல்லாம். அந்தப் பொடி இல்லேன்னா இறகு முளைக்காது, எடை ஏறாது. பண்ணைக்காரர் தலையில துண்டு போட்டுக்க வேண்டியதுதான்."

மேனேஜருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். மூக்கருக்குச் சூப்பர்வைசர் பதவி தரும் உத்தரவு ஒரு மாதமாகத் தன் மேஜையில் தூங்குகிறது. அந்தக் கோபத்தில் மனுஷன் முறுக்கிக்கொள்கிறார்!

"சரி, லேபுக்கே அனுப்புறேன். கலவை சரியா இருந்துச்சுன்னா அந்தப் பதவியை மறந்துடுங்க."

மூக்கர் வீட்டில் மனைவியிடம் பதவியைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தார். ஆனாலும் தலையாட்டினார்.

மத்தியானம் லேப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சார், துளிப் பொடி இல்ல! காலை ஷிப்டுல போடவே மறந்துட்டாங்க!"

மேனேஜர் விறுவிறுவென்று போய் மூக்கரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, மூக்கா அது! வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? இந்தாங்க உத்தரவு. இனிமே நீங்கதான் சூப்பர்வைசர்."

எல்லோரும் கைதட்டினார்கள். பேசாமல் வாங்கிப் பையில் போட்டிருந்தால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

மூக்கர் காகிதத்தைத் திருப்பி நீட்டினார்.

"மன்னிச்சுக்குங்க சார். காய்ச்சல்ல படுத்துட்டு இன்னிக்குத்தான் வந்தேன். காலையில தீவனத்தை மோந்தப்பதான் தெரிஞ்சுது, அந்தப் பொடி வாடை மட்டுமில்ல, எனக்கு எந்த வாடையுமே வரலை. மூக்கை நம்பிக் குடுக்கற பதவியை நான் எப்படி வாங்கறது?"