சம்பந்தி வீட்டுப் பாசி சூப்

“பிள்ளை பெத்து இருபத்தொரு நாளா என் பொண்ணுக்கு வெறும் கடற்பாசி சூப்பா? ஒரு துண்டு மாட்டுக்கறி கூட கண்ணுல காட்டலையாமே!”

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள் பில்நாம். பிள்ளை பெற்ற வீட்டுக்கு மூன்று வாரம் யாரும் போகக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள். இன்று விடிந்ததும் மூன்று கிலோ கறியோடு பஸ் ஏறி, மலையிலிருந்து கிஜாங் கடற்கரைக்கு வந்து இறங்கிவிட்டாள்.

சம்பந்தி ஓக்பூன் அடுப்பை விட்டு நகரவில்லை. நல்லெண்ணெயில் கடற்பாசி வதங்கிக்கொண்டிருந்தது.

“வாங்க சம்பந்தி. இது கிஜாங் பாசி. ஆள் உயரம்! முறிச்சா பிரசவம் கஷ்டமாகும்னு சொல்வாங்களே, அதான் மருமகளுக்குன்னு மடிக்காம, முறிக்காம நானே தூக்கிட்டு வந்தேன். கூட காளானும் எள்ளுப்பொடியும் போதும். கறி கலந்தா என் பாசிக்குத்தான் அவமானம்.”

“பெருமையைப் பாரு! கறி இல்லாம பால் எப்படி ஊறும்?”

“நல்லாவே ஊறுது. பேரனைத் தூக்கிப் பாருங்க, கை வலிக்கும்.”

தூக்கிப் பார்த்தாள். உண்மையிலேயே வலித்தது. அதில் இன்னும் கோபம் வந்தது.

“முதல்ல இந்தக் கறியைப் போட்டுக் கொதிக்க வைங்க.”

“என் அடுப்புல கறி ஏறாது. இந்த வீட்டுல என் பேச்சுதான்.”

ஊர் சொன்னது சரிதான். கருமி, கொடுமைக்காரி! பில்நாம் மகள் பக்கம் திரும்பினாள்.

“ஹேரின்! பிள்ளையைத் தூக்கு, நம்ம வீட்டுக்குப் போகலாம். இந்த ராட்சசிகிட்ட உன்னை ஒரு நிமிஷம்கூட விடமாட்டேன்.”

பையை இழுத்துவைத்து மகளின் துணிகளைத் திணிக்கத் தொடங்கினாள். ஹேரின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, போதும்! கறி, மீன் எல்லாத்தையும் விட்டது நான்தான். ஆறு வருஷமாச்சு. நீ திட்டுவியேன்னு சொல்லாம இருந்தேன். அத்தை எனக்காகத்தான் பழியைச் சுமக்கிறாங்க.”

பில்நாம் திணித்த துணிகளைப் பையிலிருந்து வெளியே எடுத்து வைத்தாள். பிறகு சம்பந்தி பக்கம் திரும்பினாள்.

“முதல்லயே சொல்லியிருக்கலாமே சம்பந்தி? ஊரே உங்களைக் கருமின்னு பேசுது. நானும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்.”

ஓக்பூன் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி மருமகள் கையில் கொடுத்தாள்.

“நீங்க என்னைத் திட்டினா எனக்கென்ன, கொஞ்சம் பசி கூடும். பச்சை உடம்புக்காரியைப் பெத்த தாயே திட்டினாத்தான், சம்பந்தி, பால் வத்திப்போகும்.”