காருக்கு நல்ல தண்ணீர்

"ஸ்டியரிங்ல அதை அடிக்காதீங்க. வழுக்கும்னு சொல்றனில்லீங்க."

"காரைத் தொடைக்க எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

குரல்கள் எங்கள் கறிவேப்பிலைச் செடி வரை கேட்டன. அன்று அந்தச் செடிக்கு நாங்கள் ரொம்ப நேரம் தண்ணீர் விட்டோம்.

பக்கத்து வீட்டுப் பெண் தன் கார் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

சிவப்புக் கார். தரையோடு ஒட்டி ஓடுவது. இரண்டே சீட்டு. அவளே சம்பாதித்து, ஓடின வண்டியாகப் பார்த்து வாங்கியது. மாமியாரை எங்கே உட்கார வைப்பாள் என்று வடவள்ளியில் எங்கள் தெருவே கவலைப்பட்டது.

எதிரில் திலீபன். பல்லடத்து மாப்பிள்ளை.

போன வாரம்தான் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்துவிட்டுப் போனார்கள். புறப்படும் முன் அவன் காரின் பின் கண்ணாடியில் தன் பெயரை ஒட்டிவிட்டுப் போனான். வெள்ளி எழுத்து. எங்கள் மாடியிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

இன்று காரைக் கழுவித் துடைக்க வந்திருந்தான். பை நிறையச் சாமான். டேஷ்போர்டுக்கு ஸ்ட்ராபெரி வாசம் அடிக்கும் பாலிஷ். வெளிப்பக்கத்துக்குப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர். துடைக்க, அவன் அப்பாவின் பழைய வேட்டி.

அவளுடைய பாட்டில்கள் காம்பவுண்டுச் சுவர்மேல் நின்றன.

கண்ணாடி போட்டும் எங்களால் படிக்க முடியவில்லை. ராஜாமணி அக்காதான், இரவல் வாங்கிய கிண்ணத்தைத் திருப்பித் தரும் சாக்கில் போய்ப் படித்துவிட்டு வந்தார். பெயின்ட்டுக்கு ஒரு ஷாம்பு. சீட்டுத் தோலுக்கு ஒரு நுரை. சக்கரத்துக்குத் தனி. கண்ணாடிக்குத் தனி.

"நம்ம தலைக்கே இத்தனை கெடையாது," என்றார் அக்கா.

ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் பாட்டில். திறக்காதது. அது எதற்கென்று அக்காவுக்கும் விளங்கவில்லை.

பக்கெட்டும் இரண்டு. ஒன்று ஷாம்பு கலக்க, ஒன்று துணி அலச. இரண்டிலும் சிறுவாணித் தண்ணீர். வாரம் ஒரு தடவை வரும் குடிதண்ணீர். போர் தண்ணீரில் கழுவினால் உப்புப் பூத்து, பெயின்ட்டில் வெள்ளைப் புள்ளி விழுமாம். நாங்களெல்லாம் அந்த உப்புத் தண்ணீரில்தான் குளிக்கிறோம். எங்கள்மேல் ஒரு புள்ளியும் விழவில்லை.

அவள் அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். அம்மாவும் மகளும் மட்டும் இருக்கிற வீடு.

"குடிக்கற தண்ணிய எடுத்து காருக்கு ஊத்தறா. மாப்பிள்ளைக்குக் காப்பி வெக்க ஒரு கொடந்தான் மிச்சம். கேக்க ஆளில்லைன்னு ஆடறயா, கண்ணு?"

"விடுங்கத்தை," என்றான் அவன். "கல்யாணம் முடிஞ்சா இவளுக்கு எதுக்குங்க இந்த வேலை? கார் எங்க ஷெட்ல நிக்கும். நான் ஓட்டிக்கறேன். இவ எங்கம்மாகூடப் பெரிய கார்ல பின்னாடி உக்காந்து வந்துக்குவா."

தப்பாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அவள் அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அவன் அவளை ஒதுக்கிவிட்டு உள்ளே குனிந்தான். ஸ்டியரிங்கில் பாலிஷை அடித்தான். ஸ்ட்ராபெரி எங்கள் வீடு வரை மணத்தது.

இப்போது கத்துவாள் என்று குழாயை நிறுத்திவிட்டு நின்றோம்.

கத்தவில்லை.

சுவருக்குப் போனாள். ஷாம்புவை எடுத்தாள், வைத்தாள். நுரையை எடுத்தாள், வைத்தாள். கடையில் சேலை பார்ப்பதுபோல் அத்தனை நிதானம்.

மஞ்சள் பாட்டிலை எடுத்தாள்.

மூடியைத் திருகிக்கொண்டே காரின் பின்பக்கம் போனாள்.

"அது எதுக்கு?" என்றான்.

"பசை போறதுக்குங்க."

முதலில் தி. கொஞ்சம் ஊற்றி, ஊற விட்டு, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி இழுத்தாள். பிறகு லீ. ப பாதி உரிவதற்குள் அவன் பையின் ஜிப்பை இழுத்துவிட்டான். கடைசி எழுத்துக்கு அவன் நிற்கவில்லை.

வேட்டியை மறந்துவிட்டுப் போய்விட்டான்.

கண்ணாடியில் பசை வெள்ளையாக வழிந்தது. அவள் பக்கெட்டுகளைப் பார்த்தாள். இரண்டிலும் அவன் வேட்டியை அலசின அழுக்கு. குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர்தான் வரும். துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அம்மா உள்ளே போனாள். கதவை அறையும் சத்தத்துக்கு நாங்கள் காத்திருந்தோம்.

காப்பிக்கு வைத்திருந்த குடத்தோடு திரும்பி வந்தாள். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்தாள். குடத்துத் தண்ணீர் முழுவதையும் அதில் ஊற்றினாள்.

"ஸ்டியரிங்கையும் தொடச்சுரு," என்றாள். "வழுக்கும்."

தையில் திலீபனுக்குக் கல்யாணம். உடுமலைப் பெண். ஏழு பேர் உட்காரும் காராம். பின் கண்ணாடியில் இடம் தாராளம் என்று ராஜாமணி அக்கா பந்தியில் உட்காரும் முன்பே பார்த்துவிட்டு வந்தார்.

அவள் சென்னைக்கு வேலை மாற்றிக்கொண்டு போனாள். காரிலேயே போனாள். பக்கத்து சீட்டில் ஒரு பக்கெட், பாட்டில்களோடு, பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

இன்னொரு பக்கெட் இங்கேதான் இருக்கிறது. சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில், குடங்களுக்கு முன்னால் அவள் அம்மா அதைத்தான் நிரப்புகிறாள். தட்டு போட்டு மூடி வைக்கிறாள்.

எதற்கு என்று கேட்டோம். கேட்காமல் இருப்போமா.

செடிக்கு என்றாள்.

அந்த வீட்டில் செடி கிடையாது.